திருச்சபைகளும் தன்பாலீர்ப்பும்: பேராக்கிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை



நம் வீடுகளிலும் ஆலயங்களிலும் உரக்கப் பேசப்படாத ஒரு பொருளைப் பற்றி இன்று எழுத விழைகிறேன். தன் பாலினத்தார்மீதே ஈர்ப்புக் கொள்ளும் ஒருவரைக் கிறித்துவத் திருச்சபைகள் எவ்வாறு நோக்கி வந்துள்ளன என்பதே அது. சமயம் போதிப்பது என் நோக்கமன்று. அதற்குரிய தகுதியும் எனக்கில்லை. ஆனால், இந்தக் கேள்வியைத் தனியே சுமக்கும் பிள்ளைகள் நம் வகுப்புகளிலிருந்தே வளர்ந்து செல்கின்றனர். ஆதலால், வரலாற்றையேனும் நாம் சரியாக அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் சொற்களைக் காண்போம். 'ஓரினச்சேர்க்கை' என்னும் சொல் செயலைக் குறிக்கிறது. 'தன்பாலீர்ப்பு' என்பதோ உள்ளத்தின் நாட்டத்தைக் குறிக்கிறது. கடந்த அரை நூற்றாண்டாகத் திருச்சபைகள் நடத்திவரும் விவாதத்தின் பெரும்பகுதி இவ்வேறுபாட்டைச் சுற்றியே அமைந்துள்ளது.

தோட்டமும் ஆலயமும்

ஈப்போவில் மெதடிஸ்டுச் சபையின் வில்லியம் ஹோர்லி 1895இல் ஆங்கிலோ சீனப் பள்ளியைத் தொடங்கினார். சிலிபினில் உள்ள லூர்து மாதா ஆலயம் கத்தோலிக்கத் தமிழர்கள் கூடும் இடமாயிற்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோதும், லயங்களை விட்டு வெளியேறிய குடும்பங்கள் புந்தோங் போன்ற இடங்களிலும் புதிய தாமான்களிலும் குடியேறின. அண்டை வீட்டு உறவுகள் சிதறின. ஞாயிறு வழிபாட்டில் கூடும் உறவே பலருக்கு எஞ்சியது. ஆகவே, சபையை இழக்கும் ஒருவர், திருமணத்திற்கும் துக்கத்திற்கும் வந்து நிற்கும் சுற்றத்தையும் சேர்த்தே இழக்கிறார். இதை மனத்தில் கொண்டு மேலே செல்வோம்.

பாவமும் குற்றமும்

இது குறித்த தண்டனைச் சட்டம் நம் முன்னோர் வகுத்தது எனப் பலர் எண்ணுகின்றனர். அது உண்மையன்று. ஆங்கிலேயர் 1860இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவே 1871இல் நீரிணைக் குடியேற்றங்களின் சட்டத்திலும், பின்னர் பேராக் உள்ளிட்ட மலாய் மாநிலங்களிலும் இடம்பெற்றது. மலேசியாவில் 1989இல் அது 377ஏ, 377பி என விரிவாக்கப்பட்டு, இருபது ஆண்டுகள் வரையிலான சிறையும் பிரம்படியும் விதிக்க இடமளிக்கிறது.

சட்டத்தைத் தந்த இங்கிலாந்திலோ, 1957இல் உல்ஃபெண்டன் குழுவின் அறிக்கை வெளிவந்தபோது, காண்டர்பரிப் பேராயர் ஜெஃப்ரி ஃபிஷர் அதனை ஆதரித்தார். அச்செயலை அவர் பாவமென்றே கருதினார். எனினும் பாவங்கள் அனைத்தும் குற்றங்கள் ஆகா என்றார். பத்தாண்டுகள் கழித்து, 1967இல், அங்குச் சட்டம் தளர்த்தப்பட்டது.

இந்தியாவிலும் கிறித்துவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. அப்போஸ்தலிக்க சபைகளின் கூட்டமைப்பு, உத்கல் கிறித்துவ மன்றம் ஆகியவை 377ஆம் பிரிவு நீடிக்க வேண்டுமென உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டன. மும்பைக் கர்தினால் ஆஸ்வால்டு கிராசியாஸோ, தன்பாலீர்ப்பாளர்களைத் திருச்சபை குற்றவாளிகளாகக் கருதியதில்லை என 2013இல் தெளிவுபடுத்தினார். 2018 செப்டம்பர் 6ஆம் நாள், வயது வந்தோரின் இசைவான உறவு குற்றமன்று எனத் தீர்ப்பாயிற்று.

கோலாலம்பூரில் எழுந்த குரல்

உலக விவாதத்தில் நம் நாட்டின் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. 1997 பிப்ரவரியில் ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்க ஆங்கிலிக்கன் தலைவர்கள் கோலாலம்பூரில் கூடி ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஆண், பெண் திருமணத்திற்குள் மட்டுமே உடலுறவு முறையானது என்றும், தெளிவான போதனைக்கும் பரிவான அருட்பணிக்கும் முரண்பாடில்லை என்றும் அது கூறியது. மறு ஆண்டு லாம்பெத் மாநாடு இதே நிலைப்பாட்டை ஏற்றது. கூடவே, தன்பாலீர்ப்பாளர்களின் அனுபவத்தைச் செவிமடுப்பதாகவும் வாக்களித்தது. முன்பகுதியை நினைவில் வைத்தவர்கள் பலர். பின்பகுதியை நினைவுகூர்பவர் சிலரே!

இதற்கு மறுபுறத்திலும் நம்மவர் ஒருவர் நின்றார். 1968இல் மலேசிய, சிங்கப்பூர் மெதடிஸ்டுத் திருச்சபையின் முதல் ஆசியப் பேராயராகத் தேர்வுபெற்ற யாப் கிம் ஹாவ், பேராக்கின் மெதடிஸ்டுச் சபைகளுக்கும் தலைவராக இருந்தவர். முதிர்ந்த வயதில் அவர் சிங்கப்பூரில், தன்பாலீர்ப்பாளரை முழுமையாக ஏற்கும் ஒரு சபைக்கு வழிகாட்டியாக விளங்கினார், 2017இல் காலமானார்.

இரு தரப்பாரும் விவிலியத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். படைப்பின்போதே ஆணும் பெண்ணுமாக இணைக்கப்பட்டனர் என்பது ஒரு தரப்பின் அடிப்படை. பவுலடியார் பயன்படுத்திய கிரேக்கச் சொற்களின் பொருள் உறுதியானதன்று என்பது மறுதரப்பின் வாதம். அவற்றுள் ஒன்றான 'மலகோய்' என்பதன் நேர்ப்பொருள் 'மென்மையானவர்'. பழைய தமிழ் விவிலியமோ அதனைத் தன்னின்பப் பழக்கமுடையோரைக் குறிக்கும் சொல்லால் பெயர்த்துள்ளது. மொழிபெயர்ப்பு எத்துணைப் பொறுப்புமிக்க பணி என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாயார் பள்ளி முடிந்ததும் என்னிடம் வந்தார். என்னிடம் பயின்ற அவருடைய மூத்த மகன் தன் நாட்டத்தை வீட்டில் சொல்லிவிட்டானாம். "பாதருக்குத் தெரிஞ்சா கோயில்ல ஒதுக்கிருவாங்களா சார்?" என்று கேட்டார்.

அவருக்கு நான் எடுத்துக் காட்டியது, 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் நிலைப்பாட்டை. அது அச்செயலை ஏற்கவில்லை. கற்புநெறியில் வாழவே அழைக்கிறது. ஆனால் இந்நாட்டமுடையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமாக வேறுபடுத்தலாகாது என்றும் அதே இடத்தில் கட்டளையிடுகிறது. தன்பாலீர்ப்பு குற்றமன்று எனத் திருத்தந்தை பிரான்சிஸ் 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே கூறினார்.

"பையனை மாத்துற இடம் ஏதாச்சும் இருக்கா?" என்பது அத்தாயின் அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 1976இல் தொடங்கிய எக்ஸோடஸ் இன்டர்நேஷனல், பிரார்த்தனையாலும் ஆலோசனையாலும் நாட்டத்தை மாற்றலாம் என்ற நம்பிக்கையைப் பல நாடுகளில் பரப்பியது. 2013இல் அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தம் அமைப்பால் விளைந்த வேதனைக்கு மன்னிப்புக் கேட்டார்; அமைப்பும் மூடப்பட்டது. இதைச் சொன்னபோது அத்தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப அவன் எங்க கூடவே இருக்கட்டும் சார்" என்றார்.

ஆசிரியர்களே, இறையியல் தீர்ப்பு நம் கையில் இல்லை. ஆனால், நடை மென்மையாக உள்ள மாணவனை இழிசொல்லால் அழைக்கும் கேலியை வகுப்பிலேயே நிறுத்துவது நம் கையில்தான் உள்ளது. பெற்றோர்களே, பிள்ளை மனம் திறந்து பேசும் நாளில், முதலில் அவன் சொல்வதை முழுவதும் கேளுங்கள். கோலாலம்பூரில் கூடியவர்களும் சரி, யாப் கிம் ஹாவும் சரி, அப்பிள்ளையை வீட்டை விட்டு விரட்டச் சொல்லவில்லை.