சாக்கடலும் செத்த குட்டையும்

அரிக்கமேட்டைப் பற்றிப் படித்தவர்களுக்கு மார்ட்டிமர் வீலரைத் தெரிந்திருக்கும். 1945இல் புதுச்சேரிக்கு அருகே அகழாய்வுக் குழிகள் வெட்டி, இத்தாலியில் செய்த அரிட்டைன் மட்பாண்ட ஓடுகளை வைத்து அந்த மேட்டின் காலத்தைக் கணித்தவர். மண் அடுக்குகளைப் பிரித்து, எது மேலே, எது கீழே, எது முந்தியது என்று பார்ப்பது அவருடைய முறை. அவரைப் பற்றிக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தபோது, அவருடைய பெயரே ஓர் அகழாய்வு மேடாக எனக்குத் தோன்றியது.

ராபர்ட் எரிக் மார்ட்டிமர் வீலர். ‘வீலர்’ என்றால் சக்கரம் செய்பவர். தொழிலால் வந்த பெயர். ‘மார்ட்டிமர்’ அப்படிப் பிடிபடவில்லை. இங்கிலாந்தில் ஒரு பெரிய பிரபுக் குடும்பத்தின் பெயராக இருந்து, பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு வைக்கும் பெயராகவும் மாறியது அது. அந்தக் குடும்பம் வந்தது நார்மண்டியிலிருந்து.

தேட ஆரம்பித்ததும் முதலில் எதிர்ப்பட்டது ஒரு கதை. இடைக்கால லத்தீன் ஆவணங்களில் இந்தக் குடும்பத்தாரை ‘தெ மோர்த்துவோ மாரி’ என்று எழுதியிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘செத்த கடலைச் சேர்ந்தவர்’. செத்த கடல் என்றால் சாக்கடல்தானே? ஆகவே சிலுவைப்போரில் சாக்கடல் வரை போய் வீரம் காட்டிய முன்னோர் ஒருவர் இந்தப் பெயரைச் சம்பாதித்து வந்தார் என்கிறது கதை. கேட்க நன்றாக இருக்கிறது. லத்தீன் சான்று வேறு கையில் இருக்கிறது. நானும் ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

பிறகு வீலர் வழியிலேயே மேலிருந்து கீழே இறங்கினேன்.

மேல் அடுக்கு 1425. மார்ச் பிரபுப் பட்டத்தின் ஐந்தாம் வாரிசான எட்மண்ட் மார்ட்டிமர் அந்த ஆண்டு அயர்லாந்தில் பிள்ளையில்லாமல் இறந்தார். சொத்தும் பட்டமும் அவருடைய சகோதரி மகனான யார்க் கோமகன் ரிச்சர்டுக்குப் போயின. ரிச்சர்டின் மகன்தான் மன்னன் நான்காம் எட்வர்ட். அதற்குக் கீழே 1330. அரசி இசபெல்லாவோடு சேர்ந்து மன்னன் இரண்டாம் எட்வர்டைக் கவிழ்த்த ரோஜர் மார்ட்டிமரை அந்த நவம்பரில் லண்டன் டைபர்னில் தூக்கிலிட்டார்கள்.

அதற்கும் கீழே 1086: வில்லியம் மன்னன் எடுக்கச் செய்த நிலக் கணக்கான டூம்ஸ்டே புத்தகம். ஹெரஃபோர்ட்ஷயர் பகுதியில் விக்மோர் கோட்டை ‘ரால்ஃப் தெ மோர்த்தமேர்’ வசம் இருப்பதாகப் பதிவு. தரிசாகக் கிடந்த நிலத்தில் வில்லியம் என்ற வேறொரு பிரபு கட்டிய கோட்டை அது என்ற விவரமும் கூடவே இருக்கிறது. நான் பார்த்தது ஆண்டை மட்டும்தான். சிலுவைப்போருக்கான அழைப்பு கிளர்மோனில் எழுந்தது 1095இல். ஜெருசலேம் பிடிபட்டது 1099இல். அழைப்புக்கு ஒன்பது ஆண்டு முன்பே பெயர் நிலக் கணக்கில் ஏறிவிட்டது. சாக்கடல் கதை அத்துடன் முடிந்தது.

அப்படியானால் எந்தச் ‘செத்த கடல்’? நார்மன் பிரபுக்கள் தங்கள் ஊரைத் தங்கள் பெயரோடு ‘தெ’ போட்டு எழுதுவார்கள். ஆகவே நான் தேடவேண்டியது ஓர் ஊரை. இங்கே இரண்டு இடறல்கள். வில்லியம் மன்னனின் தாய்வழி அரைச் சகோதரன் ராபர்ட்டின் ஊரான மோர்த்தேன் ஒன்று. ஓசை நெருங்கினாலும் அது நார்மண்டியின் தென்மேற்கில் உள்ள வேறு ஊர். இன்னொன்று லிசோரில் உள்ள மோர்த்தமேர் மடம். பெயர் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் துறவிகள் அங்கே குடியேறியது 1134இல்தான். கடைசியில் எஞ்சியது நார்மண்டியின் வடகிழக்கில், எயோன் ஆற்றங்கரையில், கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் மோர்த்தமேர் என்ற சிற்றூர்.

1054இல் அங்கே ஒரு போர் நடந்தது. பிரெஞ்சு மன்னன் முதலாம் ஹென்றியின் படையில் ஒரு பிரிவை நார்மன்கள் எதிர்பாராமல் தாக்கி நொறுக்கினார்கள். வென்ற தலைவர்களில் ஒருவர் இதே குடும்பத்து ரோஜர் தெ மோர்த்தமேர். அவர்தான் அந்தப் போருக்குப் பின் ஊரை இழந்தவரும். காரணத்தை ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதிவைத்திருக்கிறார். தோற்ற பக்கத்தைச் சேர்ந்த வேறொரு ரால்ஃப் பிரபுவுக்கு ரோஜர் ஏற்கெனவே விசுவாசப் பிரமாணம் செய்திருந்தார். அதனால் அவரைத் தன் கோட்டையில் மூன்று நாள் மறைத்துவைத்து, பத்திரமாக அனுப்பிவைத்தார். அதற்காக வில்லியம் ரோஜரை நாடு கடத்தினான். பின்னால் சமாதானமானாலும் மோர்த்தமேர் கோட்டையை மட்டும் திருப்பித் தரவில்லை. அதை வில்லியம் தெ வாரனுக்குக் கொடுத்துவிட்டான்.

ஆர்டெரிக் இதை வில்லியமின் மரணப்படுக்கைப் பேச்சாக எழுதியிருக்கிறார். போர் நடந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் எழுதிய பேச்சு அது. ஒவ்வொரு சொல்லும் மன்னன் வாயிலிருந்து வந்தது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் கோட்டை வாரன் குடும்பத்திடம் போனது உண்மை.

இனி அந்தக் ‘கடல்’. பிரெஞ்சில் கடலுக்கு ‘மேர்’; நார்மண்டியில் குட்டைக்கு ‘மார்’. ஓட்டமில்லாமல் தேங்கிச் செத்துக் கிடந்த நீர்நிலையால் ஊருக்கு இந்தப் பெயர் வந்தது என்பதே ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள் தரும் விளக்கம். லத்தீனில் எழுதிய எழுத்தர்கள் காதில் விழுந்ததைக் கடலாக்கினார்கள். பிறகு வந்தவர்கள் அந்தக் கடலைச் சாக்கடலாக்கினார்கள். முதலில் நான் சான்று என்று நம்பிய லத்தீன்தான் கதையைப் பெற்ற தாய்.

எல்லாவற்றிலும் என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. பெயர் தந்த ஊரை ரோஜரோடு இழந்த குடும்பம், அந்தப் பெயரை ஏறக்குறைய 370 ஆண்டுகள் விடாமல் சுமந்திருக்கிறது. போன இடத்திலெல்லாம் அதைப் பதித்தும் இருக்கிறது. ஷ்ராப்ஷயரில் கிளெபரி மார்ட்டிமர், பெர்க்ஷயரில் ஸ்ட்ராட்ஃபீல்ட் மார்ட்டிமர் என்ற ஊர்கள் இன்றும் உண்டு.

குடும்பப் பெயருக்குப் பின்னால் வீரக் கதை ஏதாவது கேட்டால், கதையை ரசியுங்கள். ஆனால் முதலில் ஆண்டைப் பாருங்கள். ஸ்ட்ராட்ஃபீல்ட் மார்ட்டிமரில் 1848இல் திறந்த ரயில் நிலையத்தின் பெயர்ப் பலகையில் இன்றும் ஒரே சொல்தான்: மார்ட்டிமர். பெயருக்குரிய குட்டை ஆங்கிலக் கால்வாய்க்கு அப்பால், பிரான்சில்.