மறுகாப்பீட்டு வழக்குகளில் அதிகார வரம்பு ஷரத்தும் விசாரணை நிறுத்திவைப்பும்

காப்பீட்டு நிறுவனம் தான் ஏற்ற பொறுப்பில் ஒரு பங்கை இன்னொரு நிறுவனத்தின் தலையில் ஏற்றிவிடுவது மறுகாப்பீடு. வீடு எரிவது ஒரு நாட்டில், பணம் தர வேண்டியவர் வேறொரு நாட்டில், இருவரையும் சேர்த்துவைத்த தரகர் மூன்றாவது நாட்டில் என்பது இத்தொழிலில் சாதாரணம். தகராறு முற்றினால் எந்த ஊர் நீதிமன்றம் என்பதிலேயே முதல் சண்டை தொடங்கும். அதற்கு முன்கூட்டியே எழுதிவைத்த விடைதான் அதிகார வரம்பு ஷரத்து. வழக்கைக் கேட்க வேறொரு மன்றமே உரியது என்று கண்டு, தன்முன் உள்ள விசாரணையை நீதிமன்றம் மேலே நகர்த்தாமல் விடுவது நிறுத்திவைப்பு.

இங்கிலாந்தில் நிறுத்திவைப்பின் விதிகள் பெரும்பாலும் கப்பல் வழக்குகளில் உருவானவை. ‘ஃபெமார்ன்’ வழக்கில் (1957) சரக்கு ரசீது சோவியத் நீதிமன்றத்தைக் குறித்திருந்தும், லண்டனில் இறங்கிய டர்பன்டைன் பற்றிய சாட்சியம் இங்கிலாந்தில்தான் இருக்கிறது என்று சொல்லி, வழக்கை நிறுத்த நீதிபதி டென்னிங் மறுத்தார். ‘எலெஃப்தீரியா’ வழக்கில் (1969) நீதிபதி பிராண்டன் கிரேக்க நீதிமன்ற ஷரத்தை மதித்து வழக்கை நிறுத்தினார்; வாக்குத் தந்தவர் அதை மீற வலுவான காரணம் காட்ட வேண்டும் என்றார். ஷரத்தே இல்லாத இடத்துக்கு விதி சொன்னது ‘ஸ்பிலியாடா’ தீர்ப்பு (1986). வான்கூவரிலிருந்து இந்தியத் துறைமுகங்களுக்குப் போன ஈரக் கந்தகம் கப்பலை அரித்த கதை அது. வழக்கைக் கேட்க வெளிநாட்டு மன்றம் தெளிவாகக் கூடுதல் பொருத்தமானதாக இருந்தால் நிறுத்தலாம் என்று, அன்றைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை வகுத்தது.

மறுகாப்பீட்டுக்குத் தனிச் சலுகை உண்டா என்ற கேள்வி ஐரோப்பிய நீதிமன்றத்தின் முன் ‘குரூப் ஜோசி’ வழக்கில் (2000) வந்தது. கனடாவின் யூஜிஐசி என்ற காப்பீட்டு நிறுவனம், கனடா வீடுகளின் காப்பீட்டுக்கு மறுகாப்பீடு தேடும் வேலையைப் பிரெஞ்சுத் தரகரிடம் ஒப்படைத்தது. 1990 ஏப்ரலில் பெல்ஜியத்தின் குரூப் ஜோசி 7.5 சதவீதப் பங்குக்கு ஃபேக்ஸில் சம்மதித்தது. மற்ற பெரிய மறுகாப்பீட்டாளர்களும் தொடர்கிறார்கள் என்று நம்பித்தான் இறங்கினேன், அது பொய்யாகிவிட்டது என்று பிறகு பணம் தர மறுத்தது. யூஜிஐசி வழக்குப் போட்டது பிரான்ஸின் நான்டெர் வணிக நீதிமன்றத்தில். காப்பீடு எடுத்தவர், எதிராளியைத் தன் ஊர் நீதிமன்றத்துக்கு இழுக்கலாம் என்பது போன்ற பாதுகாப்பு, ஐரோப்பிய நாடுகளுக்கிடையே எந்த நீதிமன்றம் என்று வகுத்த பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கையில் இருந்தது. அது பலவீனமானவருக்கானது, தொழில் தெரிந்த இரண்டு நிறுவனங்களுக்கு இடையிலான மறுகாப்பீட்டுக்கு அல்ல என்று தீர்ப்பானது. சரிதான், காப்பீட்டு நிறுவனத்துக்கே காப்பீடு என்றால் யார் பாவம்?

அதே கடுமைதான் இங்கிலாந்திலும். லண்டன் சந்தையில் தரகர் கையில் எடுத்துச் சென்ற ஒப்பந்தத் தாளான ‘ஸ்லிப்’பில் நீண்டகாலமாக ‘மூல ஒப்பந்தப்படி’ என்று சுருக்கமாக எழுதி முடித்துவந்தார்கள். மூலப் பாலிசியில் கிரேக்க நீதிமன்ற ஷரத்து இருந்த ‘எத்னிகி’ வழக்கிலும் (2000), பிரெஞ்சு ஷரத்து இருந்த கியூபிஇ வழக்கிலும் (2001) அந்த இரண்டு சொல்லைக் கொண்டு நீதிமன்றம் மாற்ற முயன்றார்கள். ஆபத்தின் அளவும் காலமும் அப்படியே ஏறும், வழக்கு நடக்கும் இடம் தானாக ஏறாது என்று நீதிமன்றம் கையை விரித்தது. எழுதிய ஷரத்தோ விடாமல் பிடிக்கும். காப்பீட்டு நிறுவனம் கேட்டால் அமெரிக்காவின் எந்தத் தகுதியுள்ள நீதிமன்றத்துக்கும் வருவேன் என்று மறுகாப்பீட்டாளர் ஒப்புக்கொள்ளும் ஷரத்து அமெரிக்க ஒப்பந்தங்களில் வழக்கம். ‘ஏஸ்–சூரிக்’ வழக்கில் (2001) மறுகாப்பீட்டாளர் இங்கிலாந்தில் தொடுத்த வழக்கு, டெக்சாஸுக்கு வழிவிட்டு நிறுத்தப்பட்டது.

2005இல் ஐரோப்பிய நீதிமன்றத்தின் ‘ஓவுசு’ தீர்ப்பு, பிரதிவாதி உள்நாட்டவர் என்றால் ‘ஸ்பிலியாடா’ வழியில் வழக்கை நிறுத்தும் விருப்புரிமையைப் பறித்தது. 2020 முடிந்து பிரிட்டன் ஐரோப்பிய விதிகளிலிருந்து வெளியேறியதும் அந்த விருப்புரிமை திரும்பிவந்தது. 2021 தொடக்கத்திலிருந்து தனி உறுப்பினராகப் பிரிட்டன் இருக்கும் 2005ஆம் ஆண்டு ஹேக் நீதிமன்றத் தேர்வு உடன்படிக்கை, ஒரு நாட்டு நீதிமன்றத்தை மட்டுமே குறிக்கும் ஷரத்து உள்ள மறுகாப்பீட்டு ஒப்பந்தங்களுக்கும் செல்லும் என்று அதன் 17ஆவது பிரிவே சொல்கிறது. லண்டன் சந்தையின் இன்றைய ஒப்பந்தப் படிவத்தில், சட்டத் தேர்வுக்கும் அதிகார வரம்புக்கும் நிரப்ப வேண்டிய தனித் தலைப்பு இருக்கிறது.