பண்டையப் போர் விளையாட்டுகளும் வரலாற்று உண்மையும்: எகிப்துப் படை ஓர் எடுத்துக்காட்டு

பண்டையப் போர்களைக் கருவாகக் கொண்ட கணினி விளையாட்டுகள் மாணவர் பலருக்கு முதல் வரலாற்றுப் பாடமாக அமைந்துவிடுகின்றன. ஆகவே அவற்றில் காட்டப்படுவது எவ்வளவு உண்மை என்று பார்ப்பது தேவையாகிறது. 2004இல் வெளிவந்த 'ரோம்: டோட்டல் வார்' என்ற புகழ்பெற்ற விளையாட்டை இங்கு எடுத்துக்கொள்வோம்.

விளையாட்டில் உள்ள எகிப்து

இவ்விளையாட்டு கி.மு. 270இல் தொடங்குகிறது. அதில் எகிப்தின் படையில் தேர்களும், பாரோவின் மெய்க்காவலரும், கோடரி வீரரும் வருகின்றனர். இது கி.மு. 13ஆம் நூற்றாண்டில், கடேஷ் போர் நடந்த காலத்து எகிப்தின் தோற்றம். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் உள்ளன.

உண்மையில் இருந்த எகிப்து

கி.மு. 332இல் அலெக்சாந்தர் எகிப்தைக் கைப்பற்றினார். அவருடைய தளபதி தாலமி கி.மு. 305இல் அரசரானார். அவர் மரபினரே கி.மு. 30இல் கிளியோபாட்ரா இறக்கும்வரை ஆண்டனர். அவர்களது படையின் முதுகெலும்பு மாசிடோனியக் காலாட்படை. சுமார் 5 முதல் 6 மீட்டர் நீளமுள்ள ஈட்டிகளை ஏந்தி, வரிசைக்குப் பின் வரிசையாக நெருங்கி நின்று போரிடுவது அதன் முறை. கிரேக்க, மாசிடோனிய வீரர்களுக்கு அரசு எகிப்தில் நிலம் அளித்துக் குடியமர்த்தியது. போர் வந்தால் அவர்கள் படையில் சேர வேண்டும். மண்ணின் மக்களான எகிப்தியர் இந்த முதன்மைப் படையணியில் நெடுங்காலம் இடம்பெறவில்லை.

ராஃபியா போர்

கி.மு. 217இல் இந்நிலை மாறியது. சிரியாவை ஆண்ட மூன்றாம் அந்தியோகஸ் படையெடுத்து வந்தபோது, நான்காம் தாலமியிடம் வீரர் போதவில்லை. ஆகவே ஏறத்தாழ 20,000 எகிப்தியருக்கு மாசிடோனிய முறையில் பயிற்சி அளிக்கப்பட்டது. இன்றைய காசாப் பகுதியின் ராஃபா அருகே நடந்த போரில் அந்தியோகஸிடம் 102 இந்திய யானைகளும் தாலமியிடம் 73 ஆப்பிரிக்க யானைகளும் இருந்ததாகக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். யானைப் போரில் தாலமி தரப்பு பின்வாங்கினாலும், காலாட்படை வென்று கொடுத்தது.

வெற்றிக்கு விலையும் இருந்தது. ஆயுதம் ஏந்தி வென்ற எகிப்தியர் தங்களுக்கென ஒரு தலைவன் வேண்டும் என எண்ணத் தொடங்கினர் என்கிறார் பொலிபியஸ். சில ஆண்டுகளில் தென் எகிப்தில் பெருங்கலகம் மூண்டது. அங்கு எகிப்தியர் தமக்கெனப் பாரோக்களை முடிசூட்டினர். கி.மு. 186 வரை அக்கலகம் முற்றாக அடங்கவில்லை.

திருத்தும் முயற்சி

ஆர்வலர்கள் இவ்விளையாட்டை மாற்றியமைத்து 'யூரோப்பா பார்பரோரம்' என்ற இலவசப் பதிப்பை உருவாக்கினர். அதில் எகிப்து தாலமிகளின் அரசாகவே வருகிறது. ஆண்டுக்கு இரண்டு சுற்றுகள் என்றிருந்தது நான்கு பருவங்களாயிற்று. ஒரு நாட்டைப் பிடித்த உடனே விரும்பிய படையைத் திரட்ட முடியாது. அங்கு அமைக்கும் ஆட்சிமுறையைப் பொறுத்தே வீரர் கிடைப்பர்.

எது உண்மைத்தன்மை?

ஆடை, ஆயுதம் ஆகியவற்றைத் திருத்துவது முதல் படி மட்டுமே. பாரோவின் தேர்களைக் காட்டும்போது ஆயிரம் ஆண்டுகள் மறைவதோடு, அந்த 20,000 பேரின் கதையும் மறைந்துபோகிறது. தம் மண்ணிலேயே ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் அவர்கள். எகிப்தியருக்கு ஆயுதம் கொடுத்தால் இன்றைய போரில் வெல்லலாம், நாளை அரியணை ஆடக்கூடும்; கொடுக்காவிட்டால் இன்றே தோற்கலாம். தாலமி எதிர்கொண்ட இந்த இக்கட்டை ஆடுபவர் முன் வைக்கும் விளையாட்டே வரலாற்றுக்கு நெருக்கமானது எனலாம்.

இன்னொன்றையும் மாணவர் நினைவிற் கொள்ள வேண்டும். ராஃபியா பற்றி விரிவாகச் சொல்லும் பொலிபியஸ் ஒரு கிரேக்கர். போர் நடந்து பல ஆண்டுகளுக்குப் பின் எழுதியவர். எனவே, திருத்திய விளையாட்டிலும் இது யார் சொன்ன செய்தி என்று கேட்டுப் பழகுவது நல்லது.