பள்ளி மேடையின் விளக்குகள்: மாட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொங்கல் விழா, பரிசளிப்பு விழா, ஆண்டிறுதிக் கலை நிகழ்ச்சி எனத் தமிழ்ப்பள்ளி மண்டபங்களில் மேடை விளக்குகள் ஏறாத ஆண்டில்லை. கலை நிகழ்ச்சிக்கென்றே கட்டப்பட்ட அரங்குகளில் விளக்கு மாட்டத் தனிக் குழாய்கள் இருக்கும். பள்ளி மண்டபமோ சபை கூடல், பூப்பந்து, தேர்வு என்று எல்லாவற்றுக்கும் பயன்படுவது. அங்கே விளக்கைத் தொங்கவிடுவதற்கு முன் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் பொறுப்பாசிரியர்களும் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஏன் இவ்வளவு கவனம்?

5 கிலோ எடையுள்ள விளக்கு 4 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 32 கிலோமீட்டர். கீழே நிற்பது நடனமாடும் பிள்ளைகள். 2022 ஜூலை 28-ஆம் தேதி ஹாங்காங் கொலீசியம் அரங்கில், இசை நிகழ்ச்சியின் நடுவே மேலே தொங்கிய பெரிய திரை அறுந்து விழுந்து, நடனக் கலைஞர் ஒருவர் படுகாயமடைந்தார். தாங்கிய எஃகு வடம் போதிய வலுவின்றி இருந்ததும், தொங்கவிட்ட சாதனங்களின் எடை குறைத்துக் காட்டப்பட்டதும் விசாரணையில் வெளிவந்தன. பெரிய அரங்கானாலும் சிறிய பள்ளியானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: எடை எவ்வளவு? தாங்குவது எது?

எதில் மாட்டலாம்?

மண்டபத்தின் உட்கூரைப் பலகைகளும் அவற்றைப் பிடிக்கும் மெல்லிய சட்டங்களும் தங்கள் எடையைத் தாங்க மட்டுமே. அவற்றில் எதையும் தொங்கவிடக் கூடாது. பழைய தோட்டப் பள்ளிகளின் மர உத்தரத்தில் கறையான் இருக்கலாம். கிள்ளான் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இரும்பு விரைவில் துருப்பிடிக்கும். கூரைச் சட்டத்தில் நிரந்தரக் குழாய் பொருத்த விரும்பினால், பதிவுபெற்ற பொறியாளரிடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் பெறுங்கள். தாங்கக்கூடிய எடையைக் குழாயின் அருகிலேயே எழுதி வையுங்கள்.

அந்த வசதி இல்லையென்றால், மேடையின் இரு பக்கமும் தரையில் நிற்கும் விளக்குத் தாங்கிகளே நல்லது. கால்களை முழுதாக விரித்து, மணல் மூட்டை வைத்து, பிள்ளைகள் ஓடும் வழியை விட்டுத் தள்ளி நிறுத்தவும்.

இரண்டாவது பிடி

ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு பிடி வேண்டும். முதலாவது, குழாயைக் கவ்வும் கிளாம்ப். இரண்டாவது, பாதுகாப்பு எஃகு வடம் அல்லது சங்கிலி. கிளாம்ப் தளர்ந்தாலும் வடம் விளக்கைப் பிடித்துக்கொள்ளும்.

• வடம் விளக்கின் எடைக்கேற்ற அளவு குறிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ரஃபியா கயிறு, பிளாஸ்டிக் கட்டு, சாதாரணக் கம்பி எதுவும் ஆகாது. சூட்டில் பிளாஸ்டிக் இளகிவிடும்.
• வடத்தைக் குழாயைச் சுற்றி எடுத்து, விளக்கில் அதற்கென உள்ள துளையில் கோக்கவும். கிளாம்பில் மட்டும் கோத்தால் பயனில்லை.
• தொய்வு குறைவாக இருக்கட்டும். விழும் தூரம் கூடினால் வடத்தின் மேல் விழும் அதிர்ச்சியும் கூடும்.
• ஒரு முறை விழுந்த விளக்கைப் பிடித்த வடத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள்.
• நிறத்தாள் சட்டம், ஒளி மறைக்கும் தகடு போன்ற துணைப் பாகங்களும் கழன்று விழக்கூடியவை. அவற்றையும் கட்டவும்.

மாட்டும்போது கிளாம்பைக் கையால் இறுக்கியதும் வடத்தைக் கோக்கவும். பிறகு விளக்கின் கோணத்தைச் சரிசெய்து, ஸ்பானரால் இறுக்கவும். கழற்றும்போது மின்சாரத்தை நிறுத்தி, விளக்கு ஆறியபின், வடத்தைக் கடைசியாக எடுக்கவும். மேலே வேலை நடக்கும்போது மேடையில் ஒத்திகை கூடாது. ஏணியை ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மாணவர்களை ஏணியில் ஏற்ற வேண்டாம்.

மின்சாரம்

நம் நாட்டின் 13 ஆம்பியர் பிளக் ஒன்று தாங்குவது சுமார் 3,000 வாட். 1,000 வாட் ஹாலோஜன் விளக்குகள் மூன்றைச் சேர்த்தாலே எல்லைக்கு வந்துவிடும். இரண்டோடு நிறுத்துவது நல்லது. சுருட்டி வைத்த நீட்டிப்பு வயர் சூடேறும். முழுதாக விரித்துப் பயன்படுத்தவும். ஹாலோஜன் விளக்கைத் திரைச்சீலையிலிருந்து தள்ளியே வைக்கவும். எல்.இ.டி. விளக்குகள் சூடும் மின்சாரமும் குறைவு. புதிய இணைப்பு வேண்டுமென்றால் பதிவுபெற்ற மின்பணியாளரையே அழைக்கவும்.

பொறுப்பு யாருக்கு?

1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வேலையிடத்துக்கு வரும் பிறரின் பாதுகாப்பும் முதலாளியின் கடமை என்பது இச்சட்டத்தின் அடிப்படை. விளக்குகளை வாடகைக்கு எடுத்தாலும், ‘அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்’ என்று பள்ளி ஒதுங்கிவிட முடியாது. விளக்குகளின் எடைப் பட்டியலையும் வடங்கள் இருப்பதையும் ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள்.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் ஒருவரைப் பொறுப்பாக நியமித்து, ஒவ்வொரு கிளாம்பையும் வடத்தையும் கையால் தொட்டுப் பார்த்துக் கையொப்பமிடச் சொல்லுங்கள். ‘இது சரியில்லை, இறக்குங்கள்’ என்று அவர் சொன்னால், சிறப்பு விருந்தினர் வாசலில் நின்றாலும் இறக்கத்தான் வேண்டும். மண்டபத்தின் சாதாரண விளக்கொளியிலும் பிள்ளைகளின் நடனம் நன்றாகவே தெரியும்.