இரண்டு பதிவேடுகளில் ஒரு குடும்பம்

நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் செகந்திராபாத் உருவானது. இங்கிருந்த கன்டோன்மென்டுக்கு மதராஸ் படையோடு தமிழ்ச் சிப்பாய்களும் சமையற்காரர்களும் குமாஸ்தாக்களும் வந்து சேர்ந்தனர். அவர்களுள் கிறிஸ்தவர்கள் ஒரே தெருவில் குடியிருந்தாலும் இரு பிரிவாகவே வாழ்ந்தனர். "அவங்க ஆர்.சி., நாம சபைக்காரங்க" என்பது நம் வீடுகளில் கேட்ட பேச்சுதான். 1813-இல் எழுந்த புனித யோவான் ஆலயம் ஆங்கிலிக்கன் சபையுடையது. 1850-இல் கட்டி முடிந்த புனித மரியாள் ஆலயம் கத்தோலிக்கருடையது. அதைக் கட்டுவித்தவர் அயர்லாந்துக்காரரான டேனியல் மர்ஃபி.

மர்ஃபியின் நாட்டில் கலப்புமணத் தம்பதியரிடையே ஒரு வழக்கம் இருந்தது: மகன்கள் அப்பாவின் சபை, மகள்கள் அம்மாவின் சபை. 1908 ஈஸ்டரில் ரோமாபுரியின் 'நே தெமெரே' ஆணை நடைமுறைக்கு வந்து அந்த வழக்கத்துக்கு இடமில்லாமல் செய்தது. கத்தோலிக்கர் ஒருவர் தம் குருவின் முன் மணக்காவிட்டால் அந்தத் திருமணம் திருச்சபையின் கணக்கில் செல்லாது. குருவின் முன் மணப்பதானால், பிள்ளைகள் அனைவரையும் கத்தோலிக்கராக வளர்ப்போம் என்று இருவரும் வாக்குறுதி தர வேண்டும். இந்தியாவுக்கும் அதே சட்டந்தான்.

இதன் விளைவை என் குடும்பத்திலேயே கண்டேன். பாட்டி சபையில் பிறந்தவர், தாத்தா ஆர்.சி. பாட்டிக்கு இரண்டு ஞானஸ்நானத் தேதிகள்! மதம் மாறி வந்தவர்களுக்கு, முதல் ஞானஸ்நானம் செல்லுமோ என்ற ஐயத்தால், நிபந்தனையோடு மறுபடியும் கொடுப்பது அன்றைய வழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு பாட்டியின் அண்ணன் வீட்டார் வந்துபோவது நின்றுவிட்டது. திருமலகிரியிலேயே இருந்த அந்த உறவை இரண்டு தலைமுறை நாங்கள் அறியவில்லை.

வேர் தேடுவோர் பெயர்களையும் கவனிக்க வேண்டும். கத்தோலிக்கரின் சூசைதான் சபையாரின் யோசேப்பு, இராயப்பர்தான் பேதுரு, சின்னப்பர்தான் பவுல், அருளப்பர்தான் யோவான். சூசை மகனை யோசேப்பு மகன் என்று எழுதியிருந்தால், வேறு குடும்பம் என்று தாண்டிப் போய்விடுவோம்.

1970-இல் போப் ஆறாம் பவுல் விதியைத் தளர்த்தினார். வாக்குறுதி கத்தோலிக்கரிடம் மட்டுமே கேட்கப்பட்டது. மற்றவருக்கு அதைத் தெரிவித்தால் போதும் என்றானது. 1995-இல் இரு தரப்பு அறிஞரும் சேர்ந்து உழைத்த பொது மொழிபெயர்ப்பு திருவிவிலியமாக வந்தது. இன்று ஆர்.சி. பையனும் சி.எஸ்.ஐ. பெண்ணும் மணந்தால் பெரிதாக யாரும் சண்டை போடுவதில்லை.

ஆனால் அன்று அறுந்த உறவுகள் தாமாக ஒட்டவில்லை. ஆகவே அன்பர்களே, ஒரு கோவிலின் பதிவேட்டில் தாத்தா பாட்டியின் தடம் நின்றுபோனால், அடுத்த கோவிலின் பதிவேட்டையும் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் "அந்தப் பக்கத்து ஆட்கள் யாரு?" என்று இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். கலப்புமணம் செய்தவர்கள் பலர், பேச்சு வார்த்தை நின்ற உறவுகளைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. அவர்களும் போய்விட்டால், பதிவேடு இருந்தும் அதில் யாரைத் தேடுவது என்று தெரியாமல் போகும்.