மிச்சத் தண்ணிக்கு யாரு கணக்கு எழுதினா?

தேவாரம்னு சொன்னதும் அப்பர், சம்பந்தர்னு ஆரம்பிச்சிடாதீங்க மக்களே. நான் சொல்றது எங்க ஊரு தேவாரம். போடிக்கும் கம்பத்துக்கும் நடுவுல, மலையடிவாரத்துல இருக்கு. மலைக்கு அந்தப் பக்கம் கேரளா, ஏலக்காடு, அடைமழை. இந்தப் பக்கம் மழை மறைவு, மானாவாரி. அதனால முல்லைப் பெரியாறுன்னு யாராவது பேசினா எங்களுக்குக் காது தானா நீளும்.

வரலாறு தெரிஞ்சதுதான், சுருக்கமா சொல்லிடறேன். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துல மதுரைச் சீமை செத்துப் பிழைச்சது. அதுக்கப்புறம்தான், மேற்கே ஓடற பெரியாற்றைக் கிழக்கே திருப்பற பழைய யோசனைக்கு உயிர் வந்தது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் திவான் ராம ஐயங்காரும் பிரிட்டிஷ் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்துப் போட்டாங்க. 999 வருஷக் குத்தகை, 8000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். பென்னிகுக் சுண்ணாம்பும் சுர்க்கியும் வச்சுக் கட்டி, 1895-ல் அணை திறந்தாச்சு. 1970-ல் வாடகை 30 ரூபாயாச்சு, மீன்பிடி உரிமை கேரளாவுக்குப் போச்சு.

இதுல ஒண்ணைக் கவனிச்சீங்களா? ஒப்பந்தம் பேசறது நிலத்துக்கான வாடகை. வெள்ள வருஷம் இவ்வளவு, வறட்சி வருஷம் இவ்வளவுன்னு பங்கு எதுவும் கிடையாது.

வறட்சிக்கு மலையே கணக்குப் போட்டுடுச்சு. 104 அடிக்குக் கீழே தண்ணி போனா குகைப்பாதை வழியா நமக்கு ஒரு சொட்டு வராது. அதுக்குக் கீழே இருக்கறது தேக்கடிக்கும் யானைக்கும். அதுல சண்டைக்கே இடமில்லை. கணக்கில்லாம விட்டுப்போனது மிச்சத் தண்ணிக்குத்தான்.

காவிரியில மழை பொய்ச்ச வருஷம் அடிதடி, நல்ல மழைன்னா எல்லாரும் கப்சிப். முல்லைப் பெரியாறு அப்படியே தலைகீழ். அணை நிறைஞ்சாத்தான் பிரச்சனை!

152 அடி தேக்கின அணை. 1979-ல் குஜராத்துல மோர்வி அணை உடைஞ்ச வருஷமே, பலப்படுத்தற வரைக்கும்னு 136-க்கு இறக்கினாங்க. 2006-ல் உச்சநீதிமன்றம் 142 வரை ஏத்தலாம்னு சொல்ல, அடுத்த மாசமே கேரளா சட்டம் போட்டுத் தடுத்தது. 2011 டிசம்பர்ல குமுளிப் பாதை அடைபட்டு, ஏலத்தோட்ட வேலைக்குப் போன நம்ம சனங்க குடும்பத்தோட மலையிறங்கி ஓடி வந்தாங்க. 2014 மே 7-ல் அந்தச் சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு. 2018 ஆகஸ்ட் வெள்ளத்துல 142 தொட்டதும், மாசக் கடைசி வரைக்கும் 139.99 தாண்டக் கூடாதுன்னு மறுபடி உத்தரவு.

வண்டிப்பெரியாறுக்காரன் பயப்படறதை நான் கிண்டல் பண்ண மாட்டேன். அணைக்குக் கீழே படுத்துத் தூங்கறவன் அவன். கோர்ட்டு "பத்திரம்"னு சொன்னாலும், ராத்திரி மழை வலுத்தா தூக்கம் வராது. ஆனா 136-க்கும் 142-க்கும் நடுவுல இருக்கற ஆறடியில எங்க பிழைப்பும் இருக்கு.

எப்படின்னு கேளுங்க. கம்பம் பள்ளத்தாக்கோட 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு வருஷா வருஷம் முதல் உரிமை. குடிதண்ணிக்கும் எடுத்து வைக்கணும். அதெல்லாம் போக மிச்சம் இருந்தாத்தான் 18-ஆம் கால்வாய் திறக்கும். லோயர்கேம்புல கிளம்பி மலையடிவாரத்தை ஒட்டியே தேவாரம் வரைக்கும் வந்து 44 கண்மாயை நிரப்பணும். கண்மாய் நிறைஞ்சா கிணறு ஊறும். நிறையலைன்னா, விடியக்காலையில ஜீப் ஏறி அதே கேரளாவுக்கு ஏலக்காய் பறிக்கப் போக வேண்டியதுதான். தண்ணி இங்க வரலைன்னா சனம் அங்க போகும். அவ்வளவுதான் கணக்கு.

2021-லிருந்து எந்தத் தேதியில எத்தனை அடி நிறுத்தலாம்னு 'ரூல் கர்வ்' போட்டிருக்காங்க. நவம்பர் 30-ல் 142 வைக்கலாம். அதுக்கு முந்தி பெருமழை வந்தா ஷட்டரைத் தூக்கி இடுக்கிக்கு அனுப்பணும். 1886-ல் எழுதாம விட்டதை 135 வருஷம் கழிச்சு ஒரு வழியா எழுதியிருக்காங்கன்னு எடுத்துக்கிட்டேன்.

அந்தத் தேதி வர்றதுக்குள்ள முடிஞ்ச அளவு தண்ணியை இந்தப் பக்கம் இறக்கி வைக்க நமக்கு இடம் வேணும். 142-ஐ 152 ஆக்க டெல்லி வரைக்கும் போகணும். கண்மாயில ஒரு அடி வண்டல் அள்ள உத்தமபாளையம் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போனா போதும். பென்னிகுக் படத்துக்கு மாலை போடறவங்க, அந்த ஆபீஸுக்கும் ஒரு நடை போயிட்டு வரலாமே?