ஆராய்ச்சி மணியும் ஆட்சியின் எல்லையும்

திருவாரூரிலே அரசு செய்த மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி கட்டியிருந்தான் என்பதும், கன்றை இழந்த பசு அம்மணியை அசைத்தபோது தன் ஒரே மைந்தனைத் தேர்க்காலில் இட்டான் என்பதும் நாம் யாவரும் சிறு பிராயத்திற் கேட்டறிந்த கதையாகும். பெரியபுராணம் இதனைக் கூறுகின்றது. அநுராதபுரத்திலிருந்து ஆண்ட எல்லாள மன்னனைப் பற்றி மகாவம்சமும் இவ்வாறே கூறுகின்றது. தமிழர் போற்றும் நூலும் சிங்கள மக்கள் போற்றும் நூலும் ஒரே மணியோசையைக் கேட்டிருக்கின்றன. ஆள்பவனுக்கும் மேலே நீதி என்று ஒன்று உண்டு என்பதை இத்தீவின் இரு சாராரும் ஒப்புக்கொண்டனர் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

ஆயினும் ஓர் ஐயம் எழுகின்றது. மணியைக் கட்டியவன் அரசன். அதனை அவிழ்த்துவிட நினைத்தால் அவனைத் தடுப்பவர் யார்? அரசனுடைய நற்குணத்தை மாத்திரம் நம்பியிராமல், அவன் விரும்பினும் அவிழ்க்க இயலாதவாறு மணியைக் கட்டிவைப்பது எங்ஙனம்? இவ்வினாவுக்கு மக்கள் கண்ட விடையே அரசியல் யாப்பும், அதிற் பொறிக்கப்படும் அடிப்படை உரிமைகளும் ஆகும். யான் பயின்ற மிஷன் பாடசாலையிற் சரித்திரம் போதித்த ஆசிரியர், 1215-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பிரபுக்கள் ஜோன் மன்னனிடம் பெற்ற மகாசாசனத்தைப் பற்றி விரிவாகச் சொல்லுவார். ஆண்டை மனனஞ் செய்தேன். பொருள் மனத்திற் பதியவில்லை. நம் மலைகளிலேயே நிகழ்ந்தவற்றைப் படித்தறிந்த பின்னரே அது விளங்கிற்று.

முதலில் மணியில்லாக் காலத்தை நினைவுகூர்வோம். துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வீதி வேலைக்கு வரி என்று 1848-இல் ஆங்கில அரசு சுமத்திய சுமையைப் பொறாது மாத்தளை மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தேசாதிபதி ரொறிங்டன் பிரபு இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். கிளர்ச்சித் தலைவருள் ஒருவரான புரன் அப்பு இராணுவ நீதிமன்றத்தாற் குற்றவாளியாகத் தீர்க்கப்பட்டு, ஆகஸ்ட் 8-ஆம் நாள் கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னர் பிரிட்டிஷ் பாராளுமன்றம் விசாரணைக் குழு அமைத்தது. 1850-இல் ரொறிங்டனும் பதவியிழந்து நாடு திரும்பினார். ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை. காரியம் முடிந்தபின் கடல் கடந்து நிகழும் விசாரணை, ஆள்பவனைத் தக்க தருணத்தில் தடுக்கும் எல்லை ஆகாது.

ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. மாத்தளையை அடுத்த மடுல்கலையில் றெலுகாஸ் என்னுந் தேயிலைத் தோட்டத்துக்கு 1936-இல் அவுஸ்திரேலியாவிலிருந்து மார்க் அந்தனி பிறேஸ்கேர்டில் என்னும் இளைஞர் தொழில் பயில வந்து சேர்ந்தார். சின்னத்துரையாக வந்தவர், லயக் காம்பராக்களில் நம்மவர் வாழ்ந்த வாழ்வைக் கண்டு மனம் வருந்தினார். தொழிலாளர் பக்கஞ் சார்ந்தார். அதனால் வேலையை இழந்தார். பின்பு லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்து மேடையேறினார். 1937 ஏப்ரில் 3-ஆம் நாள் நாவலப்பிட்டியிலே, இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாய அவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில், வெள்ளைத் துரையொருவர் துரைமாரின் கொடுமையை எடுத்துரைத்தபோது ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் கேட்டு வியந்தனர்.

தோட்ட முதலாளிமார் பொறுப்பார்களா? தேசாதிபதி சேர் றெஜினால்ட் ஸ்ரப்ஸ், நாற்பத்தெட்டு மணி நேரத்துள் நாட்டை விட்டு வெளியேறுமாறு பிறேஸ்கேர்டிலுக்குக் கட்டளையிட்டார். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. இளைஞரோ கப்பலேறாமல் தலைமறைவானார். மே மாதம் 5-ஆம் நாள் அரசாங்க சபை தேசாதிபதியின் செயலைக் கண்டித்து 34-க்கு 7 என்ற வாக்குகளால் தீர்மானம் நிறைவேற்றிற்று. அன்றே காலிமுகத்திடலிற் கூடிய பெருங்கூட்டத்தின் முன் பிறேஸ்கேர்டில் தோன்றினார். அம்மேடையில் என். எம். பெரேராவும் கொல்வின் ஆர். டி சில்வாவும் பேசினர், எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்காவும் பேசினார், யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் ஹன்டி பேரின்பநாயகமும் பேசினார், தோட்டத் தொழிலாளர் தலைவர் நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாளும் பேசினார். இனம், மதம், மொழி என்ற வேறுபாடின்றி ஒரு தனிமனிதனின் உரிமைக்காக இந்நாட்டு மக்கள் ஒருங்கு திரண்ட நாள் அது.

பின்னர் அவர் கைது செய்யப்பட்டபோது, ஆட்கொணர்வு எழுத்தாணை கோரி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யப்பட்டது. புகழ்பெற்ற நியாயவாதி எச். வி. பெரேரா ஊதியமின்றி வாதாடினார். தேசாதிபதி எடுத்துக்காட்டிய அதிகாரம் 1896-ஆம் ஆண்டின் கட்டளையொன்றிலிருந்து வந்தது. அது போர் போன்ற அவசர நிலைக்கென ஆக்கப்பட்டது. அமைதிக் காலத்தில் தமக்குப் பிடியாத ஒருவரை அகற்றுதற்கு அதனைப் பயன்படுத்தல் ஆகாது என்று பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ் முதலிய மூவரும் தீர்த்து, மே 18-ஆம் நாள் அவரை விடுதலை செய்தனர். முடியாட்சியின் பிரதிநிதியை நோக்கி, “எந்தச் சட்டத்தின்படி இதைச் செய்தீர்?” என்று நீதிமன்றம் வினவிற்று, தேசாதிபதியிடம் விடை இல்லை. அப்போது பிறேஸ்கேர்டிலுக்கு வயது இருபத்துநான்கு. நம் சங்கத்து இளைஞர் பலரின் வயதே என்க.

நிற்க. கதை இவ்விடத்தில் முடிந்திருப்பின் மகிழ்ச்சியோடு கலைந்து செல்லலாம். முடியவில்லை.

பத்தாண்டுகள் சென்றன. சோல்பரி அரசியல் யாப்பு வந்தது. எந்தவொரு சமூகத்தவர் மீதும் ஏனைய சமூகத்தவருக்கில்லாத தகுதியீனத்தைப் பாராளுமன்றம் சட்டத்தாற் சுமத்தலாகாது என்று அதன் 29-ஆம் பிரிவு கூறிற்று. 1947-ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. மறு ஆண்டே 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949-இல் வந்த தேர்தற் சட்டத் திருத்தம், பிரசையல்லாதாருக்கு வாக்கில்லை என்றது. எந்த மக்களுக்காகப் பிறேஸ்கேர்டில் குரல் கொடுத்தாரோ, அம்மக்களே நாடற்றவராயினர். பிறேஸ்கேர்டிலைக் காத்த சமசமாஜிகளும், செல்வநாயகமும் எதிர்த்தனர். ஆனால் காலிமுகத்திடல் மறுபடி அவ்வாறு நிரம்பவில்லை.

மணியை அசைக்க ஆளில்லாமற் போகவில்லை. கோடாகன் பிள்ளை என்பவரின் பெயரை வாக்காளர் இடாப்பிற் சேர்க்க வேண்டுமென்ற வழக்கு உயர் நீதிமன்றத்திலே தோற்று, இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றது. தன் பிரசைகள் யாவர் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு இயல்பான உரிமை. இச்சட்டங்கள் எந்தச் சமூகத்தையும் பெயர் சொல்லி ஒதுக்கவில்லை. 1949-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தால் இம்மக்களும் விண்ணப்பித்துப் பிரசையாகலாம் என்று 1953-இல் தீர்ப்பாயிற்று. அவ்வழியில் விண்ணப்பங்களில் அடங்கியோர் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர். பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேரே.

விண்ணப்பித்தோருள் என் கொள்ளுப்பாட்டனாரும் ஒருவர். தாயாரின் ஈமக்கடனுக்கென ஊர் சென்றவர் நோயுற்றுத் திரும்பக் காலந்தாழ்ந்த காரணத்தால், தொடர்ந்து வசிக்கவில்லை என்று அவரது விண்ணப்பம் தள்ளப்பட்டது. அந்தக் கடிதம் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இன்றும் இருக்கின்றது. 1964-இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1945-இல் லயத்திலே பிறந்த என் பாட்டனார், 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம் வந்த பின்னரே, தமது ஐம்பத்தெட்டாம் வயதில் இந்நாட்டுப் பிரசையானார். முதன்முறை வாக்களித்து வந்த அன்று அவர் மையிட்ட விரலை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக என் தாயார் சொல்லுவார்.

இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்து நோக்குங்கால் ஓருண்மை புலப்படும். 1937-இல் தேசாதிபதி சட்டத்தை மீறினார், நீதிமன்றம் தடுத்தது. 1948-இலோ சட்டமே அநீதிக்குக் கருவியாயிற்று. நீதிமன்றம் சட்டத்தின் சொல்லைப் பார்த்ததேயன்றி, அதன் விளைவைப் பார்க்கவில்லை. ஆதலின், ஆட்சித் தலைவனுக்கு எல்லையிட்டால் மாத்திரம் போதாது. சட்டமியற்றும் பெரும்பான்மைக்கும் எல்லை வேண்டும். அந்த எல்லையும் ஏட்டிலிருந்தாற் போதாது. அண்டை வீட்டானின் உரிமை பறிபோகும்போது தன் உரிமையே போவதாகக் கருதுவோர் நாட்டில் இருத்தல் வேண்டும்.

29-ஆம் பிரிவு 1972-இல் புதிய யாப்பு வந்தபோது மறைந்தது. 1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்போ அதன் மூன்றாம் அத்தியாயத்தில் அடிப்படை உரிமைகளை வகுத்து, ஆட்சித்துறையின் செயலால் அவை மீறப்பட்டால் ஒரு மாதத்துள் உயர் நீதிமன்றத்தை நேரே நாட 126-ஆம் உறுப்புரையில் வழி செய்திருக்கின்றது. அதே ஒரு மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் உள்ள காலம் அக்கணக்கிற் சேராது. ஆனால் பாராளுமன்றம் நிறைவேற்றி முடித்த சட்டத்தை நீதிமன்றம் செல்லாதென்று கூற இயலாது. சட்டமூலமாயிருக்கும்போதே எதிர்க்க வேண்டும். 1948-இன் குறை இன்றும் முற்றாக நீங்கவில்லை என்பதை இதனால் உணரலாம்.

பெரியோர்களே, சங்கத்துச் சகோதர சகோதரிகளே! ஆலய மணியின் கயிற்றைப் பிடிக்கச் சிறுவரைத் தூக்கி உயர்த்துகின்றோம் அன்றோ? அதுபோல, இந்த மணியின் கயிறும் எட்டுமாறு நம் இளைஞரை உயர்த்துதல் வேண்டும். சங்கத்தின் வாசிகசாலையில் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியொன்றை வாங்கி வைப்போம். மூன்றாம் அத்தியாயத்தையேனும் கூடியிருந்து படிப்போம். நமக்கென ஒருமுறையும், பிறர்க்கென இருமுறையும் அந்தக் கயிற்றை இழுக்கத் துணிவோமாக.